ஐம்பத்தாறின் தயக்கங்கள்

இலங்கையில் 1956ஆம் ஆண்டு வெளிவந்த மூன்று படைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘விராகய’ நாவல், எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைப்படம். சிங்கள நாவலும் நாடகமும் சினிமாவும் ஓராண்டுக்குள் இவ்வளவு உயரம் போனது தற்செயலாக இருக்கலாம். தற்செயல் என்று ஒதுக்க முடியாதது வேறொன்று. மூன்றின் நடுவிலும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிற ஒருவரோ, அவசரப்பட்டு முடிவெடுத்துவிட்ட ஒரு கூட்டமோ இருக்கிறது. தயக்கத்தைப் பற்றி ஒரு சமூகத்தின் கலைஞர்கள் இத்தனை நுட்பமாக யோசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அதன் பாராளுமன்றத்தில் தயக்கம் துரோகத்துக்குச் சமமாகக் கருதப்பட்டது. கலை ஒரு திசையிலும் அரசியல் எதிர்த்திசையிலும் போன ஓர் ஆண்டை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? அந்த ஆண்டின் அடியை வாங்கிய பக்கத்தில் பிறந்தவன் நான். ஆனாலும் அந்த மூன்று படைப்புகளையும் நேசிக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே மனதில் சேர்த்து வைத்துக்கொள்ளும் வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

‘மனமே’யில் காட்டு வழியில் நடக்கும் சண்டைதான் எல்லாவற்றுக்கும் மையம். தட்சசீலத்தில் வில்வித்தை கற்று முடித்த மனமே இளவரசன், குருவின் மகளை மணந்து அவளோடு ஊர் திரும்புகிறான். வேடர்களின் அரசன் வழிமறிக்கிறான். இளவரசியைக் கண்டதும் அவள்மேல் ஆசை வைத்துவிடுகிறான். தன் ஆட்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாளாக இளவரசனோடு மோதுகிறான். இளவரசன் அவனைக் கீழே சாய்த்து மடக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் வாளைக் கேட்கிறான். அவள் உடனே கொடுப்பதில்லை. படையை ஏவாமல் ஒற்றைக்கு ஒற்றையாக நின்றவன் இவன், உயிரை விட்டுவிடுங்கள் என்று இரக்கிறாள். அந்த இடைவெளியில் வேடன் வாளைப் பறித்துக்கொள்கிறான், இளவரசன் சாகிறான். நான் பார்த்தது பிற்காலத்து மேடையேற்றம் ஒன்று. முதல் நடிகர்கள் எவரும் அதில் இல்லை. என்றாலும் அந்தப் பெண்ணின் கைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. வாள் உறையோடு இரண்டு உள்ளங்கைகளிலும் கிடையாகக் கிடந்தது. பார்வை கணவனிடமிருந்து வேடனுக்கும் வேடனிடமிருந்து கணவனுக்கும் போய்வந்தது. விரல்கள் மூடவுமில்லை, விரியவுமில்லை. அதில் இரக்கம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பார்த்திருந்த எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது என்பதுதான் நாடகம்.

இதற்கு மூலம் 374ஆம் ஜாதகக் கதை. அங்கே இந்தக் குழப்பம் கிடையாது. கெட்ட பெண் ஒருத்தி வாளின் பிடியைக் கள்வன் பக்கம் நீட்டிவிடுகிறாள், அவளுடைய கெடுதலுக்கு அவளே சாட்சி. சரச்சந்திர செய்ததெல்லாம் அந்தத் தீர்ப்பை எடுத்துவிட்டு ஒரு கணத் தயக்கத்தை அந்த இடத்தில் வைத்ததுதான். பெளத்த மரபில் எல்லோரும் அறிந்த கதை. புத்த ஜயந்தி கொண்டாடிய ஆண்டு. புத்தர் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டுகள் நிறைந்ததென்று அந்த மே மாத வெசாக்கின்போது தீவு முழுவதும் பந்தல்களும் தோரணங்களும் தானசாலைகளும் எழுந்தன. அப்படியொரு பெருமித வெளிச்சத்துக்கு நடுவில் புனிதக் கதையொன்றின் தீர்ப்பை ஒருவர் அமைதியாகக் கலைத்துப் போட்டிருக்கிறார். நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அது மேடையேறியது. கல்லெறி விழவில்லை. காலப்போக்கில் அது தேசிய நாடகமாகவே ஆகிவிட்டது. கேள்வி கேட்கும் துணிவை மேடையில் அனுமதித்த அதே மனங்கள் வெளியே அதை ஏன் அனுமதிக்கவில்லை என்பதில்தான் என் நெருடல் ஆரம்பிக்கிறது.

‘விராகய’வின் அரவிந்தன் தயக்கத்திலேயே வாழ்ந்து தீர்ப்பவன். சரோஜினியை விரும்புகிறான், அவள் வீட்டை விட்டு வந்துவிடத் தயாராக நிற்கும்போது அவனால் முடியவில்லை. அவள் வேறொருவனுக்கு மனைவியாகிறாள். பின்னால் தான் எடுத்து வளர்த்த பதீ என்ற பெண்ணிடம் அவனுக்கிருப்பது தகப்பனின் பாசமா, ஆணின் ஆசையா என்று பிரித்துப் பார்க்கக் கூசுகிறான். அவளும் போய்விடுகிறாள். ‘ரேகாவ’வில் கதை வேறு. மரக்கால் கட்டி ஆடும் வித்தைக்காரன் ஒருவன் கிராமத்துச் சிறுவனின் கைரேகையைப் பார்த்து இவன் நோய் தீர்ப்பவனாவான் என்கிறான். பார்வையிழந்த தோழிக்கு அவன் கைபட்டுப் பார்வை திரும்பியதும் ஊரே அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. பிறகு இன்னொரு குழந்தை சாகிறது, மழையும் பொய்க்கிறது; நேற்று வணங்கிய அதே ஊர் இன்று அவன்மேல் பாய்கிறது. கும்பல் ஒன்று நம்பிக்கையிலிருந்து வெறுப்புக்குத் தாவ எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதை இவ்வளவு சாந்தமாகச் சொன்ன படம் நம் பக்கத்தில் குறைவு. அந்தப் படம் டிசம்பர் 28ஆம் திகதி திரைக்கு வந்தது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே நிசமான கும்பல்கள் வீதியில் இறங்கியிருந்தன.

அந்த ஆண்டின் அரசியல் ஒரு போட்டியாக ஆரம்பித்தது. பெப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி, இரு மொழிகளுக்கும் சமஇடம் என்ற தன் பழைய நிலையைக் கைகழுவிவிட்டுச் சிங்களம் மட்டும் என்ற பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்பே எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 24 மணி நேரத்தில் சிங்களத்தை அரசகரும மொழியாக்குவேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். 24 மணி நேரம்! ஒரு மொழி எத்தனை நூற்றாண்டுகளில் உருவாகிறது என்று அறிந்த எவருக்கும் அந்த அவசரம் கூச வேண்டும். ஏப்ரல் தேர்தலில் அவருடைய மக்கள் ஐக்கிய முன்னணி 51 இடங்களைப் பிடித்தது; ஆண்ட கட்சிக்கு மிஞ்சியவை 8. வடக்கு கிழக்கில் தமிழரசுக் கட்சிக்கு 10. இரு பக்கமும் தத்தமது நிச்சயங்களோடு பாராளுமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அப்போதும் ஒரு சிறு இடைவெளி மிச்சமிருந்தது. சட்டமூலத்தின் வரைவில் தமிழின் நியாயமான பாவனைக்கென்று சில ஏற்பாடுகள் எழுதப்பட்டிருந்தன. தமிழில் படித்தவர்கள் இன்னும் சிறிது காலம் அரசாங்கப் பரீட்சைகளைத் தங்கள் மொழியில் எழுதலாம், உள்ளூராட்சி மன்றங்கள் தம் மொழியைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்பது போன்றவை. அவை பெரிய நீதி ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவனின் கை ஒரு கணம் நின்றிருக்கிறது என்பதற்கு அந்த வரிகள் அடையாளம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் விரிவுரையாளர் எஃப்.ஆர். ஜயசூரிய பாராளுமன்றத்தில் உண்ணாவிரதம் தொடங்கினார். பிக்குகள் அவரைச் சூழ்ந்தார்கள். அந்த ஏற்பாடுகள் நீக்கப்பட்டன. தயக்கத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தெறிவதற்காக ஒரு மனிதர் சாகவும் துணிந்திருந்தார். அவரும் ஆசிரியர், சரச்சந்திரவும் ஆசிரியர், பல்கலைக்கழகமும் ஒன்றுதான்.

எஞ்சியது மூன்றே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம், 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். சிங்களமே இலங்கையின் ஒரே அரசகரும மொழி என்று ஒரு வாக்கியம். நடைமுறைக்குக் கொண்டுவர முடியாத இடங்களில் 1960ஆம் ஆண்டு முடியும்வரை பழைய மொழியே தொடரலாம் என்று ஒரு சலுகை. தமிழைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. தடை விதித்திருந்தாலாவது எதிர்க்கப் பிடிமானமாக ஒரு வரி கிடைத்திருக்கும். ஒரு மக்களின் பேச்சை இல்லாததுபோலக் கடந்துபோகிற அந்த மௌனம், சட்டங்களை வாசித்துப் பழகாத எனக்கும் முதல் வாசிப்பிலேயே உறைத்தது. 56 பேர் ஆதரித்தார்கள், 29 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் தமிழ் உறுப்பினர்களோடு சிங்களவரான சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் அன்று தங்கள் தொகுதிகளில் எதைப் பணயம் வைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு பிளந்துபோகும் என்று அன்று எச்சரித்த அதே கொல்வின்தான் 1972இல் சிங்கள ஆதிக்கத்தை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

சட்டமூலம் வந்த ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சா.ஜே.வே. செல்வநாயகம் தலைமையில் ஏறக்குறைய 200 பேர், புல்தரையில், பாராளுமன்றத்துக்கு எதிரே. அப்போதைய பாராளுமன்றம் கடற்கரையோரக் கட்டடம். உள்ளே பேச்சு நடக்க, கூப்பிடு தூரத்தில் வெளியே அடி நடந்தது. கும்பல் வந்து இழுத்து உதைத்துக் கல்லெறிந்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. இளம் உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் மண்டை உடைந்து, கட்டுப்போட்ட தலையோடு சபைக்குள் வந்தார். அந்தக் கட்டைப் பார்த்துப் பிரதமர் ஏளனமாக ஒரு வார்த்தை சொன்னார் என்பதை எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். என்னை உறுத்துவது அந்த ஏளனத்தைக் காட்டிலும் அந்தத் தூரந்தான். இரண்டு நிமிடம் நடந்தால் போய்ச் சேரக்கூடிய இடத்தில் மனிதர்கள் இரத்தம் சிந்தும்போது அரசகரும மொழி பற்றிய வாதம் ஒழுங்குமுறையாகத் தொடர்ந்திருக்கிறது. அடுத்த வாரமே கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையில் தமிழருக்கெதிரான முதல் இனக்கொலை அதுதான். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் ஒத்துப்போவதில்லை; நூற்றுக்கு மேல் என்று சில சொல்கின்றன. நீரைத் தேக்கிப் புதுக் குடியேற்றங்களை அமைத்து, நாட்டின் எதிர்காலம் இங்கேதான் என்று அரசாங்கம் காட்டிக்கொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. காலிமுகத்திடலின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. கல்லோயாவில் செத்தவர்களின் பெயர்களை எங்களாலும் சொல்ல முடிவதில்லை. கூலிக்கு வந்தவர்கள், ஏழைகள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தினால் எனக்கு மனச்சாட்சி உறுத்தும். என் சிங்கள நண்பர் ஒருவர், தென்மாகாணத்துக் கிராமப் பள்ளிக்கூட ஆசிரியரின் மகன், ஐம்பத்தாறு என்று சொல்லும்போதே முகம் மலர்வார். “மச்சான், ஐம்பத்தாறு வராமல் இருந்திருந்தால் எங்கள் அப்பா ஆயுள் முழுக்க கந்தோர் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டே நின்றிருப்பார்” என்பார். அதில் பொய் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத நாட்டில் நீதிமன்றமும் கச்சேரியும் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. தன் மீதான வழக்கு என்னவென்றே விளங்காமல் கூண்டில் நின்ற சிங்கள விவசாயிக்கும் அதே கூண்டில் நின்ற தமிழ் விவசாயிக்கும் இடையில் வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. பிக்குகளும் சுதேச வைத்தியர்களும் ஆசிரியர்களும் உழவர்களும் தொழிலாளர்களுமாக ஐந்து பெருஞ்சக்திகள் என்று அந்த முன்னணி தன் பின்னால் திரட்டியவர்கள் உண்மையிலேயே அவமானப்பட்டிருந்த மக்கள். அவமானத்திலிருந்து எழுகிறவனின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் ஆங்கிலத்தை நோக்கிக் கிளம்பி, வழியில் திரும்பி, பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது ஏன் என்று மட்டும் கேட்கிறேன். நண்பருக்கும் இதற்கு விடை தெரியாது. அந்தத் தலைமுறையைச் சிங்களத்தில் ‘ஐம்பத்தாறின் பிள்ளைகள்’ என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் பெருமையாக, பின்னால் கசப்பாகவும்.

எங்கள் பெரியப்பா அப்போது கொழும்பில் கிளறிக்கல் உத்தியோகத்தில் இருந்தார். சிங்களம் சரளமாகப் பேசுவார். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரியோடு அவர் பேரம் பேசுவதைக் கேட்டால் எந்த ஊரென்று சொல்ல முடியாது என்பார்கள். சிங்களப் பரீட்சை எழுதச் சொன்னபோது மறுத்துவிட்டார். படித்திருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும், படிக்கவே தேவையில்லாத அளவுக்கு மொழி தெரியும், ஆனாலும் எழுதவில்லை. பெரியம்மா கடைசிவரை அதற்காக அவரை மன்னிக்கவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவு அவள் தலையில்தான் விழுந்தது. அவர் செய்தது உறுதியா, பிடிவாதமா என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. தாமாகக் கற்ற மொழியைக் கட்டளையாகத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு அது கசந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

‘மனமே’யின் வடிவத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது ‘நாடகம’ என்ற சிங்கள மரபில் அமைந்தது. அந்த மரபு தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், சிலாபம் என்று கரையோரமாகக் கத்தோலிக்கக் கூத்துகள் ஆடப்பட்டு வந்தன. அவை மெல்லத் தெற்கே இறங்கிச் சிங்களம் பேசத் தொடங்கின. மத்தளம் அப்படியே போயிற்று. விருத்தமும் சிந்தும் இன்னிசையும் பெயரோடு போயின. கோணங்கியும் போனான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பிலிப்பு சிங்ஞோ என்ற கொல்லர் இந்த வடிவில் சிங்கள நாடகங்களை எழுதிக் குவித்தார். இரவிரவாக, பல இரவுகள் தொடர்ந்து ஆடப்பட்ட அந்த ஆட்டத்தைச் சரச்சந்திர ஒரு மாலைப்பொழுதுக்குள் சுருக்கி, கிரேக்க நாடகத்திலும் யப்பானிய மேடையிலும் தாம் கண்ட கட்டுப்பாட்டை அதனுள் கொண்டுவந்தார். பழைய நாடகம மரபில் ஊறிய சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே மெட்டுகளைக் கற்றுக்கொடுத்தார். இதில் எதையும் சரச்சந்திர மறைக்கவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே சிங்களக் கிராமிய நாடகம் பற்றிய தம் ஆய்வில் இந்தத் தமிழ் வேரை அவரே எழுதி வைத்துவிட்டார். நவம்பரில் மேடையேறிய நாடகத்துக்கு அதற்கு முந்திய மாதங்களில்தானே ஒத்திகை நடந்திருக்க வேண்டும். கல்லோயா எரிந்து அடங்கிய மாதங்கள். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் அப்போது தமிழ் மாணவர்களும் சிங்கள மாணவர்களும் ஒரே விடுதிகளில் படுத்தெழும்பினார்கள். மலைச்சரிவில் மத்தளச் சத்தம் நெடுந்தூரம் போகும். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பையன் தன் ஊர்க் களரியில் கேட்ட தாளத்தைச் சிங்கள வரிகளோடு அங்கே கேட்டிருப்பான்.

இதை ஒரு நல்ல செய்தியாக எழுதிவிடுவது எளிது. கலை மொழிகளைத் தாண்டும், கடன்பட்டவர்கள் சொந்தக்காரர்கள் என்றெல்லாம் மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பதும் வந்த இடத்தின்மேல் அன்பு வைப்பதும் வெவ்வேறு காரியங்கள். ஒரு மக்களின் கூத்தை எடுத்து ஆடிக்கொண்டே அவர்களுடைய மொழிக்குக் கதவை அடைக்க முடியும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம்வரை, இந்தக் கூத்துகள் கடந்துவந்த அதே கரையில், தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் ஓரிரு தலைமுறைக்குள் சிங்களத்துக்கு மாறிப்போயின; கூத்தின் மெட்டு மட்டும் அங்கே மிஞ்சியது. நம் பக்கமும் சுத்தமில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் படித்த வீடுகளில் கூத்தென்றால் முகம் சுளிப்பார்கள். அது பள்ளிக்கூடம் போகாதவர்களின் ஆட்டம், சாதியில் கீழே தள்ளப்பட்டவர்களின் ஆட்டம். சரச்சந்திர அதன் சிங்களக் கிளையைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியபோது தமிழ்க் கிளையை நாங்கள் திண்ணையில்கூட உட்கார விடவில்லை. சம உரிமை கேட்டுப் போராடிய அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தின் பெரிய கோயில்கள் பலவற்றின் கதவுகள் எங்கள் சொந்த மக்களுக்கே திறந்திருக்கவில்லை. மலையகத்தில் இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் குடியுரிமை பறிபோய் எட்டு வருடங்களாகக் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசு மாநாடு அவர்களுடைய குடியுரிமையையும் தன் நான்கு கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தது. அதை நான் மதிக்கிறேன்.

‘ரேகாவ’வுக்கும் இப்படி ஒரு பின்புறம் உண்டு. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வந்தது. எடுத்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரை. அதற்குப் பின் வந்த சிங்களப் படங்களில் பெரும்பாலானவை தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்தியக் கதைகளையும் மெட்டுகளையும் சிங்களத்தில் திருப்பிப் போட்டவை. செட்டுக்குள் கட்டிய அட்டைக் கிராமங்கள்தான் சிங்களக் கிராமமாகத் திரையில் தெரிந்தன. பீரிஸ் கமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் போனார்; உண்மையான வயலையும் தண்ணீரையும் முகங்களையும் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு அது கான் விழாவுக்குப் போனது, உள்ளூரில் காசு சேர்க்கவில்லை. இந்த விடுதலை தேவையான விடுதலை. ஒரு மொழி தன் முகத்தைத் தன் வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்படுவதில் என்ன பிழை? சென்னை சினிமாவின் நிழலிலிருந்து வெளியேற ஈழத்துத் தமிழ்ச் சினிமாவும் பின்னால் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதனால் ஐம்பத்தாறின் கலையை எண்ணி மகிழவும் சட்டத்தை எண்ணி வெட்கப்படவும் ஒரு சிங்களவருக்கு முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். பலருக்கு அது முடிந்திருக்கிறது. ஆனால் விழா மலர்களில் இரண்டும் ஒரே மறுமலர்ச்சி என்று சேர்த்துக் கட்டப்படும்போது அந்த இளவரசியையும் அரவிந்தனையும் அந்தச் சிறுவனையும் பிடித்துக் கொடி தூக்க வைத்ததாகவே எனக்குப் படுகிறது.

பண்டாரநாயக்கவையும் தயங்கியவர் என்று சொல்வாருண்டு. அதை ஏற்க எனக்குச் சிரமமாக இருக்கிறது. 1926இலேயே இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று எழுதிய, பேசிய இளைஞர் அவர். வரைவில் அந்த ஏற்பாடுகளைச் சேர்த்தவரும் அவர், எடுத்தவரும் அவர். மறு ஆண்டு செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார்; அதற்கடுத்த ஆண்டு ஏப்ரலில் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து அமர்ந்ததும் அதையும் கைவிட்டார். தயங்குகிறவன் இரண்டு பக்கத்து நியாயத்தையும் தன் உடம்பில் தாங்குகிறான்; விலையையும் அவனே கொடுக்கிறான். அரவிந்தன் இழந்ததெல்லாம் தன்னுடையதை. பண்டாரநாயக்க ஒவ்வொரு முறை பின்வாங்கியபோதும் விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. 1959இல் ஒரு பிக்குவின் துப்பாக்கி அவரையே தேடி வந்தது. அந்தச் சாவை நினைத்து மகிழ என்னால் முடிந்ததில்லை. ‘மனமே’ தன் மனிதர்கள்மேல் தீர்ப்புச் சொல்லாமல் விடுவதைக் கலையின் பெருந்தன்மை என்கிறேன். அதே பெருந்தன்மையை ஜூன் 5க்கும் கொடுத்துவிட்டால் அமிர்தலிங்கத்தின் மண்டையை உடைத்தது யார் என்ற கேள்வி காணாமல் போய்விடும். மேடையில் எனக்குப் பிடித்த குணத்தை வரலாற்றில் நான் மறுக்கிறேன். இது முரண்தான். முரணாகவே இருக்கட்டும்.

‘மனமே’யின் எதிரொலி தமிழில் கேட்கச் சில ஆண்டுகள் ஆயிற்று. பேராதனைத் தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன், சரச்சந்திர செய்ததைக் கண்ணால் கண்டவர், மட்டக்களப்புக் கூத்தைத் தேடிப் போனார். அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிவந்து மாணவர்களை ஆடப் பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்து ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’. விடிய விடிய ஆடிய கூத்து அங்கேயும் ஒரு மாலைக்குள் சுருங்கியது. நாங்கள் உதறியதைச் சிங்கள மேடை ஒருமுறை உடுத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு அதன் அழகு தெரிந்தது. அந்த நன்றியைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ‘இராவணேசன்’ பழைய கூத்துப்போலப் போரையும் வீரத்தையும் மட்டும் நம்பவில்லை. தோற்பது தெரிந்தும் போருக்குப் போகிறவனின் உள்ளே நடக்கிற இழுபறிக்கு இடம் கொடுத்தது. வேடனின் வாளுக்கும் கணவனின் கைக்கும் நடுவில் நின்ற இளவரசி இல்லாமல் அந்த இராவணன் எங்களுக்கு வந்திருப்பானா என்று யோசிக்கிறேன்.

ஐம்பத்தாறில் நீக்கப்பட்ட அந்த ஏற்பாடுகள், தமிழின் நியாயமான பாவனை பற்றியவை, 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக வேறு உருவில் திரும்பி வந்தன. அப்போது நாடு மறுபடி எரிந்திருந்தது. தமிழரசுத் தலைவர்கள் வீட்டுக்காவலில் இருந்தார்கள். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1966 ஜனவரியில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தன. அன்றைக்கும் கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஓர் இளம் பிக்கு செத்தார். பெரியப்பா அதற்குள் பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். விதிகள் வந்த செய்தியைப் பத்திரிகையில் காட்டியபோது, இனி யாருக்கு என்று கேட்டாராம். அவருடைய மகன், என் அண்ணன், அந்த வருடம் அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.